புதன்கிழமை கரண்ட் போச்சு

செம்பாக்கம் ஏரிப் பக்கம் வீடு கட்டினவர்களுக்கு இரண்டே கவலைகள்தான். மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். மழை பெய்யாவிட்டால் புரோக்கர் வருவான்.

கங்கையம்மாள் வீட்டுக்கு வந்த புரோக்கரின் பெயர் லோகநாதன். ஏரியோரம் அவள் வைத்திருந்த நிலத்தை இனிக்க இனிக்கப் பேசி எழுதி வாங்கியவன். அவன் கடைசியாகப் போன இடம் பெருங்களத்தூரில் பாதி கட்டி நிற்கும் ஓர் அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடி. ஏறும்போது படிக்கட்டில் ஏறினான். இறங்கும்போது இறங்கவில்லை, விழுந்தான். ஆயுத பூஜை புதன்கிழமை, ராத்திரி ஏழரை மணிக்கு யாரோ அவனைப் பிடித்துத் தள்ளியிருந்தார்கள்.

கங்கையம்மாளின் மகன் பாலு அதற்கு முந்தின வாரம்தான் லோகநாதனின் சட்டையைப் பிடித்து, "உன்னை உயிரோட விடமாட்டேன்டா" என்று நடுத்தெருவில் கத்தியிருந்தான். தெரு கேட்டதைப் போலீசும் கேட்டது. பாலு இப்போது புழல் சிறையில் இருக்கிறான். நாளைக்கு அவனுடைய ஜாமீன் மனு வருகிறது.

பாலுவின் அக்கா கீதா, பள்ளிக்கூட டீச்சர், தம்பிக்காக ஏறி இறங்காத படி இல்லை. கடைசியாக ஏறிய படி மேற்கு தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடிப்படி. மேலே துப்பறியும் ஜீவானந்தத்தின் ஆபீஸ்.

இப்போது ஜீவானந்தம் கீதாவின் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, பொட்டலத்திலிருந்து வறுத்த பட்டாணியை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார். மனிதருக்கு நாற்பத்தைந்து வயது. யோசிக்கும்போது மெல்லுவார். யோசனை நின்றால் மெல்லுவதும் நிற்கும். எதிரே மாடிப்படிக்குக் கீழே ஒரு கறுப்பு டப்பாவின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு அவருடைய உதவியாளர் நிஷா முட்டி போட்டிருந்தாள்.

"இதுக்குப் பேரு சர்வராம் சார்," என்றாள் நிஷா. "நான் பார்த்த சர்வர்லாம் தோள்ல துண்டைப் போட்டுகினு, சட்னி கேட்டா முறைச்சுகினு போவான். இது முறைக்கக்கூட மாட்டேங்குது."

நிஷா கோவளம் குப்பத்துப் பெண். அம்மா மீன் விற்கிறாள். தாம்பரத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் ஹார்ட்வேர் படித்துவிட்டு வேலை தேடி வந்த இடத்தில் ஜீவானந்தம் அவளை ஒரு பிரிண்டரைச் சரிபண்ணக் கூப்பிட்டார். பிரிண்டர் சரியானது. அவள் வாய் மட்டும் அன்றிலிருந்து நிற்கவில்லை.

"ஸ்க்ரூ கழட்டுறது கையி. வாய்க்கு என்ன வேலை?"

"கை தூங்காம பார்த்துக்குது சார்."

கீதா சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. அந்தக் கறுப்பு டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைகளில் பொறுக்கிய சாமான்களை வைத்து பாலுவே கட்டிய மெஷின் அது. நிலத் தகராறு வந்ததும் வாசலில் ஒரு கேமரா மாட்டி, கேட்டில் யார் வந்தாலும் போனாலும் படம் பிடித்து இந்தப் பெட்டியில் சேரும்படி செய்திருந்தான். குடும்பத்தின் போட்டோக்களும் இதில்தான். ஊரில் பீரோ வைத்திருப்பார்கள், பாலு இதை வைத்திருந்தான்.

"சார், வக்கீல் தெளிவா சொல்லிட்டார்," என்றாள் கீதா. "பாலு ஆறு மணிக்கு வீட்டுக்குள்ள வந்து, ஏழு மணி வரைக்கும் வெளியே போகலைன்னு இதுல படம் இருந்தா போதும். அன்னிக்கு ஜி.எஸ்.டி. ரோட்ல வண்டியே நகரலை. இங்கேர்ந்து அரை மணி நேரத்துல பெருங்களத்தூர் போயி, மாடி ஏறி, ஒருத்தனைத் தள்ள யாராலயும் முடியாது. கோர்ட்டே இதைக் கேட்டிருக்கு. நாலரை மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து மெஷினை எடுத்துட்டுப் போறாங்க. அதுக்குள்ள..."

"அதுக்குள்ள உயிர் வரணும்," என்றார் ஜீவானந்தம்.

"அன்னிக்கு சாயங்காலம் நானும் அம்மாவும் பக்கத்து வீட்டுக் கொலுவுக்குப் போயிட்டோம் சார். நாங்க வீட்ல இருந்திருந்தா இந்த மெஷினே தேவையில்லை. நாங்களே சாட்சி சொல்லியிருப்போம்."

காலையில் ஜீவானந்தம் புழலுக்குப் போய் பாலுவைப் பார்த்திருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அவன் சொன்னது இதுதான்:

"வீட்லதான் சார் இருந்தேன். டிவி பார்த்துகிட்டிருந்தேன். ஏழு மணிக்கு கரண்ட் போச்சு. அந்த மெஷின் என் கண்ணு முன்னாடிதான் அணைஞ்சுது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. நானும் போட்டுப் பார்த்துட்டேன். அதை நம்பாதீங்க. வேற வழி ஏதாச்சும் பாருங்க."

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து நிஷா கேட்டாள். "முழுகுறவன் கயிறு வேணாம்னு சொல்றான். இன்னா சார் இது?"

ஜீவானந்தம் ஹாரனை அழுத்தினார். எதிரே ஒரு ஷேர் ஆட்டோ வந்துகொண்டிருந்தது.

இப்போது கீதா வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிஷா டப்பாவின் சுவிட்சைத் தட்டினாள். மின்விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"மூச்சு கீது. நெனவு இல்ல," என்றாள்.

"யூ.பி.எஸ். இல்லையாம்மா?" என்று ஜீவானந்தம் கீதாவைக் கேட்டார்.

"அதோட பேட்டரி போயி ஆறு மாசம் ஆச்சு சார். மாத்தறேன் மாத்தறேன்னு சொல்லிட்டே இருந்தான்."

"இந்தத் தெருவுல கரண்ட் கட் எப்ப?"

"இந்த வாரம் சாயங்காலம் நாலு மணிக்கு."

மூன்று பேரும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்கள். இரண்டே முக்கால். அந்த வருஷம் தமிழ்நாட்டில் நேரம் தவறாமல் வந்தது கரண்ட் கட் ஒன்றுதான். பஸ் வராது, தண்ணி லாரி வராது, கட் மட்டும் வாசலில் வந்து நிற்கும்.

நிஷா மெமரி கார்டைக் கழற்றினாள். "அக்கா, ஒரு ரப்பர் குடுங்க. பென்சில் அழிப்பாங்களே, அது."

டீச்சர் வீட்டில் ரப்பருக்குப் பஞ்சமா? கீதா கொண்டுவந்தாள். கார்டின் பல்வரிசையை நிஷா அழுத்தித் தேய்த்தாள். துணி கொண்டு துடைத்தாள். மறுபடி மாட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு கார்டைத் தேய்த்தாள். ஒரு தடவை 'கீச்' என்று சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

"ஈரம் பட்டிருக்கு சார். பச்சையா பூத்துக் கெடக்கு பாருங்க. தீர்த்தம் தெளிச்சிருக்காங்கோ."

பெட்டியின் நெற்றியில் சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம் இருந்தது. திரைக்கும் ஒரு பொட்டு, எலிக்குட்டி மாதிரி இருந்த மவுசுக்கும் ஒரு பொட்டு. ஆயுத பூஜைக்கு இந்த ஊரில் யாரையும் விட்டுவைப்பதில்லை. பஸ்ஸுக்கு மாலை, லாரிக்கு வாழைக்கன்று, அரிவாளுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பொட்டு. செம்பாக்கத்தில் ஏர் ஓட்டிய குடும்பம் இது. ஏர் போய் கம்ப்யூட்டர் வந்தாலும் கங்கையம்மாளின் சந்தனக் கிண்ணம் மாறவில்லை.

"கேபிளை மாத்திப் பார்க்கறேன்," என்று சொல்லி நிஷா சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். "அம்மாவோட பக்தியைப் பாருங்க சார். பிளக்குக்குக்கூட பொட்டு. அதுவும் மூணு காலுக்கு நடுவுல."

ஜீவானந்தம் மெல்லுவதை நிறுத்தினார்.

பிளக்கை வாங்கிப் பார்த்தார். பித்தளைக் கால்களுக்கு நடுவே காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். சுவரில் செருகினால் உள்ளே போய் மறைந்துவிடும் பக்கம். அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். மிக்சியின் பிளக்கைத் திருப்பிப் பார்த்தார். கிரைண்டரின் பிளக்கைப் பார்த்தார். பிறகு ஃபிரிட்ஜின் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் சரியில்லை.

"என்ன சார்?" என்றாள் கீதா.

"ஒண்ணுமில்லைம்மா. நிஷா, வேலையைப் பாரு."

பட்டாணிப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். நிஷா அதைக் கவனித்தாள். ஒரு வருஷத்தில் அவர் பாதிப் பொட்டலத்தை மடித்து அவள் பார்த்ததில்லை.

மூன்றரைக்கு முன்னால் திரை விழித்தது. கீதா கையெடுத்துக் கும்பிட்டாள்.

கும்பிட்ட கையை இறக்குவதற்குள் திரையில் ஒரு வரி வந்து நின்றது. கிளம்புவதற்கு டிஸ்க்கே இல்லை என்றது மெஷின். மூலையில் காட்டிய தேதியோ ஆறு வருஷத்துக்கு முந்தியது.

"உள்ள கீற பொத்தான் பேட்டரி காலி," என்றாள் நிஷா. "தெனம் வர்ற ஒரு மணி நேர கட்டைத் தாக்குப் புடிச்சிருக்கு. இந்த தபா ரொம்ப நேரம் கரண்ட் இல்லாம கெடந்து எல்லாத்தையும் மறந்துடுச்சு. இன்னா தேதி, எந்த டிஸ்க்லேர்ந்து கெளம்பணும், ஒண்ணியும் தெரியல. டிஸ்க் ரெண்டும் நல்லாதான் கீது. நான் சொல்லித் தர்றேன், இரு."

எதற்கும் இருக்கட்டும் என்று கேம்ப் ரோடு வாட்ச் கடையில் காலையிலேயே வாங்கி வைத்திருந்த பேட்டரியை மாட்டினாள். தேதியைச் சரிசெய்தாள். எந்த டிஸ்க் முதலில் என்று காட்டிக்கொடுத்தாள். மெஷின் யோசித்தது. திடீரென்று அணைந்துபோனதால் டிஸ்க்கைச் சோதிக்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டு, பத்து சதவீதம் என்றது. நத்தை தோற்றுவிடும் வேகத்தில் பன்னிரண்டு என்றது.

"நடுவுல கரண்ட் போனா?" என்று கீதா கேட்டாள்.

"பேஜாராயிடும் அக்கா. அப்புறம் சாமியே வந்தாலும் கஷ்டம்."

கங்கையம்மாள் உள்ளேயிருந்து வந்து மூன்று டம்ளர் மோரை வைத்தாள். அறுபதைத் தாண்டியவள். மகன் ஜெயிலுக்குப் போனதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று கீதா சொல்லியிருந்தாள். அவள் மெஷினைப் பார்க்கவில்லை. பார்க்காமலே, "வந்துருமா?" என்று கேட்டாள்.

"வந்துகினே கீதும்மா," என்றாள் நிஷா.

"அன்னிக்கு கரண்ட் போச்சில்ல, அதான் இப்படி ஆயிடுச்சு," என்று முணுமுணுத்துவிட்டு அவள் வேகமாகச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஜீவானந்தம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மெஷின் எழுந்தது. முழுதாக எழுந்தது. கீதாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நிஷா படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தாள். அரை மணிக்கு ஒன்றாக வரிசையாக நின்றன. புதன்கிழமைக்கு வந்தாள். ஆறு மணிப் படத்தைத் தேடினாள். இல்லை. ஐந்து மணிக்கும் இல்லை. நான்குக்கும் இல்லை.

"சார்..." நிஷாவின் குரல் இறங்கியது. "கடைசிப் படம் காலைல பதினொண்ணே முக்காலோட நின்னுடுச்சு."

"போடு," என்றார்.

வாசல் கேட் தெரிந்தது. பாலு மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தான். முன் சக்கரத்துக்கு அடியில் கங்கையம்மாள் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். அவன் நசுக்கிக்கொண்டு வெளியே போனான். அவள் கேட்டைச் சாத்திவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு வீட்டுக்குள் வந்தாள். சில நிமிஷம் வெறும் கேட். பிறகு படம் முடிந்துவிட்டது.

"மெஷின் கடிகாரம்தான் தப்பா இருக்கும்," என்றாள் கீதா அவசரமாக. "இந்தப் பொண்ணே சொன்னாளே, ஆறு வருஷம் பின்னாடி காட்டுதுன்னு!"

"கரண்ட் போன பிற்பாடுதான்மா கடிகாரம் கெட்டுது. அதுவும் போகட்டும். கேட்டோட நிழலைப் பாருங்க, காலடியிலயே கிடக்குது. இது உச்சி வெயில். ஏழு மணிக்கு எந்த ஊர்ல வெயில் அடிக்கும்?" ஜீவானந்தம் மிக மெதுவாகப் பேசினார். "உங்க வீட்ல மிக்சி, கிரைண்டர், இந்த மெஷின், மூணோட பிளக்குக்கும் பொட்டு உள்பக்கம் இருக்கு. ஃபிரிட்ஜுக்கு மட்டும் வெளிப்பக்கம் இருக்கு. ஏன்னா பால் கெட்டுடும்னு ஃபிரிட்ஜை மட்டும் பிடுங்கலை. மத்ததை எல்லாம் பிடுங்கி வெச்சுத்தான் பூஜை பண்ணியிருக்காங்க. ஆயுதத்துக்கெல்லாம் அன்னிக்கு ஓய்வு இல்லையா? இந்த மெஷின் ஏழு மணிக்கு கரண்ட் போயி சாகலை. மத்தியானமே பூஜையில செத்துடுச்சு."

கீதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குச் சொல்லித்தரும் டீச்சர் அவள். கூட்டிப் பார்க்க அவளுக்கு நேரமாகவில்லை.

"அப்படின்னா," என்றாள், "ஏழு மணிக்கு என் தம்பி எதைப் பார்த்தான்?"

நிஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வீட்ல இருந்திருந்தா இந்த மெஷின் மத்தியானமே அணைஞ்சு கிடந்தது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார் ஜீவானந்தம். "ராத்திரி எப்பவோ வந்திருக்கான். மெஷின் செத்துக் கிடக்கு. நம்ம ஊர்ல மெஷின் செத்தா யாரைத் திட்டுவோம்? கரண்டைத்தானே? அந்த வாரம் தினம் ஏழு மணிக்கு கட், அதுலதான் அணைஞ்சிருக்கும்னு நினைச்சான். போலீஸ் கேட்டப்போ அதையே கதையாச் சொன்னான். இதை நோண்ட வேணாம்னு என்கிட்ட ஏன் சொன்னான்னு இப்ப புரியுது. உள்ளே ஏழு மணி வரைக்கும் படம் இருக்கு, அதுல தான் இல்லைன்னு அவன் பயந்திருக்கான்."

"அம்மாவும் சொன்னாங்களே சார், கரண்ட் போச்சுன்னு!"

"அவங்க வேற காரணத்துக்காகச் சொன்னாங்க."

"அவன்தான் தள்ளினான்னு சொல்றீங்களா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. வீட்ல இல்லைங்கறது தெரியும். பொய் சொன்னான்கறது தெரியும். நாளைக்கு கோர்ட்டுக்கு அது போதும்."

ஜீவானந்தத்துக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. காப்பாற்றக் கூப்பிட்ட இடத்தில் தூக்குக் கயிறு திரித்துக் கொடுத்திருந்தார். செத்துக் கிடந்த மெஷின் செத்தே கிடந்திருந்தால், சந்தேகத்தின் பலனாவது அந்தப் பையனுக்குக் கிடைத்திருக்கும்.

கீதா எழுந்தாள். சுவர்ப் பக்கம் போய்க் குனிந்து அந்தப் பிளக்கின்மேல் கையை வைத்தாள். "மறுபடி பிடுங்கினா?" என்றாள். "மறுபடி செத்துடுமா?"

"சாவலாம் அக்கா," என்றாள் நிஷா. குரலில் கேலி இல்லை. "ஆனா படம் டிஸ்க்ல கீது. அவங்க ஆபீஸ்ல வேற பொட்டில மாட்டிப் பார்ப்பாங்கோ."

கீதா கையை எடுக்கவில்லை. அதைத்தான் கங்கையம்மாள் சமையலறை வாசலிலிருந்து பார்த்தாள். மகளின் கை, பிளக், துப்பறிகிறவரின் முகம்.

"நான்தான்மா பிடுங்கினேன்," என்றாள்.

"அம்மா, நீ உள்ளே போ."

"எல்லாம் தெரிஞ்சுபோச்சா? எனக்கு அதை அணைக்கத் தெரியாதும்மா. தொடாதேன்னு பாலு ஆயிரம் தடவை சொல்லியிருக்கான். எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டு இதுக்கு மட்டும் வெக்கலைன்னா மனசு கேக்கலை. பிடுங்கி, தீர்த்தம் தெளிச்சு, பொட்டு வெச்சேன். விளக்கு வெச்சுட்டு கொலுவுக்குக் கிளம்பறப்போ செருகினேன், படம் வரலை. அவன் திட்டுவான்னு பயந்து கிடந்தேன். ராத்திரி அவனே வந்து பார்த்துட்டு, பாழாப்போன கரண்டுன்னு திட்டினான். நானும் ஆமாப்பான்னு சொல்லிட்டேன்."

நிஷா ஜீவானந்தத்தைப் பார்த்தாள். 'ராத்திரி அவனே வந்து பார்த்துட்டு' என்ற வார்த்தைகள் ஹாலின் நடுவில் கிடந்தன. சொன்னவளுக்கு மட்டும் அது தெரியவில்லை.

கங்கையம்மாளின் முகம் பல நாளைக்கப்புறம் தெளிந்திருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு ஜீவானந்தத்தின் அருகில் வந்தாள். "ஐயா, தப்பு என்னுது. எம்புள்ள மேல ஒரு தப்பும் இல்லை. மெஷினைக் கெடுத்தது நான்தான்னு போலீஸ்ல சொல்லிட்டா அவனை விட்டுடுவாங்க இல்ல?"

ஜீவானந்தம் வாயைத் திறந்தார். இருபது வருஷத் தொழிலில் பொய்களைப் பிடித்தே பழகியவருக்கு, ஒரு பொய் சொல்ல வேண்டிய இடத்தில் அது வரவில்லை.

வெளியே ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் சாமுண்டீஸ்வரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, கரண்ட் கட்டுக்கும் முன்னாலேயே வந்துவிட்டார்.

"அம்மா!" என்று கீதா கத்தினாள். பிளக்கை விட்டுவிட்டு ஓடினாள். கங்கையம்மாள் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். செருப்புகூடப் போடவில்லை. கேட்டைத் தானே திறந்துவிட்டாள்.

"வாங்கம்மா, வாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துகிட்டு இருக்கேன். அந்த மெஷின் கரண்ட் போயி கெட்டுப்போகலைம்மா. நான்தான் பிடுங்கினேன். எம்புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

சாமுண்டீஸ்வரி நடையை நிறுத்தினார். ஏழு மணிக்குக் கண் முன்னால் மெஷின் அணைந்தது என்று பாலு கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தை எழுதி வாங்கியவரே அவர்தான். அவர் கங்கையம்மாளின் தோளுக்கு மேலே, வாசல்படியில் நின்றுவிட்ட கீதாவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ரொம்பவும் மரியாதையாகக் கேட்டார்.

"எத்தனை மணிக்கும்மா பிடுங்கினீங்க? ஞாபகம் இருக்கா?"

"அது எப்படிம்மா மறக்கும்?" என்றாள் கங்கையம்மாள். "புதன்கிழமை பன்னெண்டு மணிக்கு ராகு காலம் வந்துடுமே. அதுக்கு முன்னாடி, எம்புள்ள நல்லா இருக்கணும்னு நல்ல நேரம் பார்த்துத்தான் பிடுங்கினேன்."